மகிழ்ச்சி நாட்டின் கணக்கில் வராதவர்கள்

2025 மார்ச்சில் அமெரிக்கா, தன் மண்ணில் குடியமர்ந்திருந்த, நேபாளி பேசும் பூடான் அகதிகள் சிலரைப் பூடானுக்கு நாடுகடத்தியது. பூடான் அவர்களை வைத்துக்கொள்ளாமல் இந்திய எல்லையில் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து நேபாளத்துக்குள் நுழைந்தவர்களில் சிலரை அந்நாட்டுக் காவல்துறை கைது செய்தது. உலகுக்கே மகிழ்ச்சிப் பாடம் எடுக்கும் நாட்டின் வாசலில் நடந்தது இது. குடிகளில் ஒரு சாராரை விரட்டிவிட்டு, மிஞ்சியவர்களின் மனநிறைவை அளந்து பெருமை பேசுவது அறமாகாது.

தெற்குப் பூடானில் நேபாளி பேசும் மக்களான லோட்சம்பாக்கள் தலைமுறைகளாக அங்கே உழுது வாழ்ந்தவர்கள். 1985-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை ஒட்டி 1988-இல் கணக்கெடுப்பு நடந்தபோது, 1958-இல் அங்கே குடியிருந்ததற்குச் சான்று கேட்டார்கள். முப்பது ஆண்டுப் பழைய நிலவரி ரசீதைப் பத்திரப்படுத்தாத குடியானவன் ஒரே நாளில் அந்நியனானான். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கை மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதை அறிந்த நமக்கு இந்தக் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. பள்ளிகளில் நேபாளி மொழி நிறுத்தப்பட்டது. வடக்கின் உடை எல்லோர்க்கும் கட்டாயமானது. எதிர்த்தவர்கள் சிறைப்பட்டார்கள். லட்சம் பேருக்கு மேல் நேபாள முகாம்களில் ஒதுங்கினார்கள். போகுமுன் 'விரும்பியே போகிறோம்' என்று அவர்களிடம் அதிகாரிகள் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். விட்டுப்போன நிலங்களில் வேறு பகுதியினர் குடியேற்றப்பட்டனர்.

அதே பூடான் மகிழ்ச்சியை ஒன்பது துறைகளாக, 33 குறியீடுகளாகப் பிரித்து அளக்கிறது. 2010-இல் 0.743 ஆக இருந்த மகிழ்ச்சி எண் 2022-இல் 0.781 ஆனது. அண்டை வீட்டாரை எவ்வளவு நம்புகிறீர்கள் என்றுகூடக் கேட்கிறார்கள். துரத்தப்பட்ட அண்டை வீட்டாரிடம் யாரும் கேட்கவில்லை. துயரப்பட்டவரைக் கணக்கிலிருந்து நீக்கினால் சராசரி உயரத்தானே செய்யும்?

இரண்டு பெருநாடுகளுக்கு நடுவே சிக்கிய சிறு நாடு அது. 1975-இல், நேபாளி பேசுவோர் பெருகியிருந்த சிக்கிம் இந்தியாவோடு இணைந்ததைப் பார்த்து அஞ்சியது. அச்சம் மெய்தான். ஆனால், அச்சம் அநீதிக்கு உரிமம் தராது.

நாட்டின் நலம் எதில் இருக்கிறது என்பதில் நம் முன்னோர் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. நிலத்தின் நன்மை அங்கு வாழ்வோரின் நன்மையே என்றார் ஔவையார். தமக்கு நரை தோன்றாததற்குப் பிசிராந்தையார் அடுக்கிய காரணங்களில் முறைகேடு செய்யாத அரசனும் உண்டு, ஊரின் சான்றோரும் உண்டு. நாட்டுக்கு அணியான ஐந்தில் இன்பத்தோடு பாதுகாப்பையும் சேர்த்தே வைத்தார் வள்ளுவர். எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் உறைவிடமும் தருவதே அறம் என்கிறது மணிமேகலை. இவர்களில் எவரும் ரசீது கேட்கவில்லை.

மகிழ்ச்சி ஊருக்கு ஊர் வேறுபடும். அதற்கு மலையும் மழையும் மட்டும் காரணமல்ல, ஆள்வோரின் நீதியும் காரணம். ஆகவே ஒரு நாட்டின் மகிழ்ச்சியை மெச்சுமுன், அது யாரை வெளியே தள்ளியது என்று கேட்க வேண்டும். பலர் வேறு நாடுகளுக்குப் போன பின் முகாம்களில் இன்னும் எஞ்சியிருக்கும் சில ஆயிரம் பேரில் திரும்ப விரும்புவோரைப் பூடான் ஏற்கட்டும். அதன் பிறகு அளக்கட்டும் தன் மகிழ்ச்சியை.