கிணற்றின் ஹரீம்

கிணற்றுக்கு ஹரீம் உண்டு என்பது ஃபிக்ஹு கிதாபு ஓதியவர்களுக்குப் புதிதல்ல. ஒருவர் தோண்டிய கிணற்றைச் சுற்றி இன்ன தூரத்துக்குள் இன்னொருவர் வந்து அதன் நீரைக் குறைக்கவோ கெடுக்கவோ கூடாது. ஹனஃபிகள் 40 முழம் என்று அளந்து சொன்னார்கள். நமது ஷாஃபிஈ இமாம்கள் தேவையையும் ஊர் வழக்கையும் பார்த்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முழக்கணக்கு யாழ்ப்பாணத்தில் உதவாது.

இங்கே நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் ஒரு கிணற்று நீர் மறு கிணற்றுக்குப் போய்வரும். சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவு ஒயில் பரவியது அப்படித்தான். 2015இல் உச்ச நீதிமன்றம் போன அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது: மாசாக்கியவரே அதன் செலவையும் ஏற்கவேண்டும், நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் கொடுக்கவேண்டும். கிணற்றை இறைக்க அது உதவும். கல்லுக்குள் இறங்கியதை யார் இறைப்பது?

வட்டுக்கோட்டையில் நிற்கும்போது என் யோசனை ஆற்றோடு போகிறது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு அளவெட்டி, கந்தரோடைப் பக்கத்து வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு வந்து அராலியில் கடலேரியில் விழுகிறது. பார உலோகங்கள் தெளிந்த நீரில் அதிகம் நிற்பதில்லை. களிமண்ணைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். சேற்றைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் மீன், பிறகு நமது ஆணம். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலை பாதரசக் கழிவு விடுவதை 1968இல் நிறுத்தியது. குடாவின் மீன் வெளியேறாமல் கட்டிய வலையை 1997இல்தான் எடுத்தார்கள்.

வழுக்கையாறு மினமாட்டா அல்ல. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதாயில்லை. அராலி மீனவரிடம் போய் 'உங்கள் மீனில் நஞ்சிருக்கலாம்' என்று சொல்வது அமானிதமா, அநியாயமா? சொன்ன அன்றே அவர் கூடை விலைபோகாது. ஒயில்காரருக்கு ஒன்றும் ஆகாது. சொல்லாமல் விட்டால் தின்கிற பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

ஹரீமில் எனக்கு ஒரு வழி தெரிகிறது. பிந்தி வந்து தோண்டுகிறவர்தான் முந்தியவருக்குக் கேடு வராமல் பார்க்கவேண்டும். பழைய கிணற்றுக்காரர் தன் நீர் கெட்டதென்று போத்தலோடு அலையவேண்டியதில்லை. சுன்னாகத்தில் அது தலைகீழாக நடந்தது. இனியாவது ஒயில் தாங்கி வைக்கிறவரும் ஆற்றோரம் வேலைத்தலம் திறக்கிறவரும் ஒவ்வொரு மாரி முடிந்ததும் அராலிச் சேற்றைத் தங்கள் காசில் சோதிக்கட்டும். அந்தத் தாளில் ஒரு பிரதியை மீனவர் கையில் கொடுக்கட்டும். அவர் அதைக் கூடையோடு சந்தைக்குக் கொண்டுபோவார்.