எந்த நிபந்தனை?

செமினாரில் கேட்கப்படும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: “அந்த நிபந்தனையை எங்கே பயன்படுத்தினீர்கள்?” பேசுபவர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியதை மேலிருந்து மெதுவாகப் படித்து வருவார். ஏதோ ஒரு வரியில் விரல் வைத்து “இங்கே” என்பார். சில நாள் அந்த வரி கிடைக்காது. அப்படியானால் தேற்றம் சொன்னதைவிடப் பெரிதாக இருக்கலாம். நிரூபணத்தில் விரிசலும் இருக்கலாம். அதுவரை ஒன்றும் பிடிபடாமல் உட்கார்ந்திருந்தவனுக்கும் அந்த ஒரு நிமிடம் வேலை கிடைத்துவிடுகிறது. அவனும் தேடலாம்.

*

தாம்பரத்தில் குடியிருப்பவருக்கு இப்படிப்பட்ட அறைகள் தூரமில்லை. வேளச்சேரி வழியாகப் போனால் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். கேளம்பாக்கம் வழியாகப் போனால் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம். தரமணி நிறுவனம் ஒரு செமினாரிலிருந்தே பிறந்தது. அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் வீடான ஏகாம்ர நிவாஸில் இளைஞர்களைக் கூட்டி நடத்திய இயற்பியல் செமினார் அது. 1960இல் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்தார். 1962 ஜனவரியில் நிறுவனம் தொடங்கியது. சிறுசேரிக் கழகம் சி. எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கியது. தி. நகரில் இருந்துவிட்டு 2005இல் இங்கே வந்தது.

*

கிழக்குத் தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம் ஈ. சி. ஜி. சுதர்சன் நினைவு வரும். 1951இல் இங்கே பட்டம் பெற்றவர். எண்பதுகளில் தரமணி நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தார். 1977இல் அவரும் பைத்யநாத் மிஸ்ராவும் எழுதிய ஒரு கட்டுரை சொன்னது: ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் நின்றுவிடும். கிரேக்கரான ஜீனோவின் பெயரை அவர்கள் அதற்கு வைத்தார்கள்.

இதைக் கேட்டவுடன் ஏதோ தத்துவம்போலத் தோன்றும். ஆனால் இதைத் தாங்கி நிற்பது ஒரு சின்னக் கணக்கு. குவாண்டம் அமைப்பு ஒன்று மாறியிருக்கும் வாய்ப்பு, தொடக்கத்தில், கடந்த நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. ஒரு குறுகிய நேரத்தின் முடிவில் ஒரே முறை பார்த்தால் அந்த வாய்ப்பு நூறில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தைப் பத்துத் துண்டாக்கி ஒவ்வொன்றின் முடிவிலும் பார்த்தால், துண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுதான். பத்தையும் கூட்டினால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட இது பூஜ்யத்தை நெருங்கும்.

எந்த நிபந்தனை இங்கே வேலை செய்தது? வர்க்கம். வாய்ப்பு நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளர்ந்திருந்தால், துண்டுக்கு ஆயிரத்தில் ஒன்று, மொத்தம் பழையபடி நூறில் ஒன்று. எத்தனை முறை பார்த்தாலும் எதுவும் நிற்காது. 1990இல் அமெரிக்காவில் இட்டானோவும் வைன்லேண்டும் உடனிருந்தவர்களும் பெரிலியம் அயனிகளில் இந்த விளைவைக் காட்டினார்கள். எனக்கு அந்தச் சோதனையைவிட இந்த இரண்டு வரிக் கணக்கின் மேல்தான் பற்று அதிகம். இதை யாரும் தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

*

சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் ராசினிடம் படித்தவர்கள். பிறகு பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள். 1965இல் வெளியான அவர்கள் தேற்றத்தை எத்தனையோ செமினார்களில் எழுதிப் பார்த்திருப்பார்கள். இரண்டோ அதற்கு மேலோ ஓட்டையுள்ள வடையின் மேற்பரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரப்பின்மீது அமையும் வெக்டர் கற்றைகளில் ஒழுங்கானவற்றைப் பிரித்தெடுக்க, டேவிட் மம்ஃபோர்ட் ‘நிலையானது’ என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தார். முழுக்க இயற்கணித நிபந்தனை. இவர்கள் காட்டியது: கற்றையின் படி (degree) பூஜ்யமாக உள்ளபோது, பரப்பின் மூடிய பாதைகளை யூனிட்டரி அணிகளாக மாற்றி, மேலும் பிரிக்க முடியாதபடி எழுதும் வழிகளிலிருந்து கிடைப்பவை எவையோ, அவையேதான் நிலையான கற்றைகள். ஒன்றுக்கொன்று தொடர்பே தெரியாத இரண்டு இடங்களிலிருந்து வந்தவை. 1983இல் சைமன் டொனால்ட்சன் இதற்கு வேறொரு நிரூபணம் தந்தார். அது இயற்பியலின் யாங்-மில்ஸ் சமன்பாடுகளின் பக்கத்திலிருந்து வந்தது. இப்படி ஒன்று இங்கே படித்த இருவர் கையில் உருவானது என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சி குறைவதே இல்லை.

*

பரப்பு மூடியது என்ற நிபந்தனை எங்கே பயன்பட்டது? அதிலிருந்து சில புள்ளிகளை எடுத்துவிட்டால்? கேட்டவருக்குப் பதில் 1980இல் வந்தது. விக்ரம் மேத்தாவும் சேஷாத்ரியும், எடுத்த ஒவ்வொரு புள்ளியிலும் சில எடைகளைக் கூடவே குறித்துக்கொண்டால் தேற்றம் மறுபடி நிற்கிறது என்று நிறுவினார்கள். அந்த எடைகள் அவர்களாக இட்டவை அல்ல. புள்ளியை ஒருமுறை சுற்றி வந்தால் ஒரு யூனிட்டரி அணி கிடைக்கும். அதன் ஐகன் மதிப்புகளே எடைகளைச் சொல்லிவிடுகின்றன.