உன் குழலைக் கேள்!

"ஏர் ரைபிளா? அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம்." மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் இந்தப் பேச்சைக் கேட்டுத் தலை கவிழ்ந்து திரும்பும் பிள்ளையே, நில்! நம் கடலூரில்தான் 1999-இல் துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பிறந்தார். வளர்ந்தது குஜராத்தில். 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். அதே ஆண்டு சீனாவின் புத்தியானில் நடந்த உலகக் கோப்பை இறுதியிலும் தங்கம். அந்தத் தங்கங்களைக் கொண்டுவந்தது 'பெல்லட்' என்னும் அரை கிராம் ஈயத் துண்டு!

முயலையும் கொக்கையும் தேடும் துப்பாக்கியைப் பற்றி நான் பேசவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதையை முடித்தது; முடித்தது நல்லது. நான் பேசுவது 10 மீட்டர் தள்ளி நிற்கும் இலக்கு அட்டையைப் பற்றி.

அதன் நடுவே இருக்கும் 'பத்து' எவ்வளவு பெரியது தெரியுமா? அரை மில்லிமீட்டர் பொட்டு! உன் பெல்லட்டின் அகலம் 4.5 மி.மீ. அதன் விளிம்பு பொட்டைத் தொட்டாலே பத்து. அதாவது, பெல்லட்டின் நடு, அட்டையின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். அதற்குள்ளும் மையத்தை நெருங்க நெருங்கப் பத்துக்கு மேல் தசமப் புள்ளி கூடும்; விலகும் ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி போகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இளவேனில் 60 குண்டுகளில் 630.7 எடுத்தார். குண்டுக்குச் சராசரி பத்தரைப் புள்ளி! ஆனாலும் கிடைத்தது 10-ஆம் இடம். இறுதிச்சுற்றுக்கு 8 பேர்தான். ஒரு மயிரிழையில் வாழ்க்கை திரும்பும் களம் இது.

"விலை உயர்ந்த பெல்லட் டப்பா வாங்க வசதியில்லை, அதனால்தான் தோற்கிறேன்" என்கிறாயா? இந்தப் பொய்யை இன்றே கொளுத்து! ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆனாலும், எச் அண்ட் என் ஆனாலும், செக் நாட்டின் ஜே.எஸ்.பி. ஆனாலும், டப்பாவின் விலை உன் குழலுக்குத் தெரியாது. இடை சிறுத்த பெல்லட்டின் பின்பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து, குழலின் உட்புற வரிகளைக் கவ்விச் சுழன்று வெளியேறுகிறது. அந்த வரிகள் குழலுக்குக் குழல் நூலளவு மாறும். பெல்லட்டின் தலையும் 4.49, 4.50, 4.51 என்று வெவ்வேறு அளவில் வருகிறது. உன் நண்பனின் ரைபிளில் பூப்போல விழும் டப்பா உன் ரைபிளில் சிதறலாம். விலை குறைந்த டப்பா உன் குழலுக்கு உயிராகவும் அமையலாம்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? புது மண் கலவையை அப்படியே சூளை நிறைய அடுக்குவார்களா? ஒரு துண்டைச் சுட்டுப் பார்ப்பார்கள். விரிசல் விட்டதா, கோணியதா என்று தட்டிப் பார்ப்பார்கள். நீயும் சுட்டுப் பார்!

ஐந்து பேர் கூடுங்கள். ஆளுக்கொரு வகை டப்பா வாங்கிப் பங்கு போடுங்கள். ரைபிளைத் துப்பாக்கிக் கிளப்பின் பிடிச்சிராவியில் இறுக்குங்கள். அது இல்லையென்றால் மணல் மூட்டையில் ஊன்றுங்கள். வகை மாற்றியதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதே. குழல் புது ஈயத்துக்குப் பழகட்டும். பிறகு ஒரே அட்டையில் பத்துக் குண்டு. துளைக் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஓரம் வெர்னியரால் அள. 9.5 மி.மீ.யைத் தாண்டினால், கையே நடுங்காத வீரனுக்கும் அந்த டப்பா எல்லாக் குண்டையும் பத்தாக்கித் தராது. அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள். ஒருமுறை சிறியதாக வந்துவிட்டது என்று துள்ளாதே. மூன்று அட்டை சுடு. மூன்றிலும் கூட்டம் சிறுத்தால், டப்பாவில் அச்சிட்ட லாட் எண்ணைக் குறித்து, அதே லாட்டில் போட்டிக்கு வேண்டியதை வாங்கிவிடு. பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் குணம் மாறும்!

டப்பா வாங்கக் காசில்லாத வாரமா? குண்டில்லாமல் விசையை இழுத்துப் பழகும் 'டிரை ஃபயர்' பயிற்சியை உலக வீரர்களும் செய்கிறார்கள். டிரை ஃபயர் வசதியுள்ள ரைபிளில் அதற்குக் காற்றுக்கூட வேண்டாம், தம்பி! இரவு பத்து மணிக்கு, எதிர்ச் சுவரில் பொட்டு ஒட்டி நீ நின்றால் உன்னைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் கை வை. பிறகு உன் அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி, லாட் எண், மில்லிமீட்டர் எழுது. "உனக்கெல்லாம் எதற்கு இந்த விளையாட்டு?" என்று அடுத்த முறை கேட்பவர் முன்னால் அந்த அட்டைக் கட்டை வை.