படிப்பு தானமா, உரிமையா?



திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். கல்வி உதவித்தொகை பெற்றுப் படித்து, பேராசிரியராகி, 1962-ல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர் பிறந்த நாளையே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும், முன்பணம் வாங்கிய கடனுக்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்த இருளர் மக்களும் ஒடிசா மக்களும் மீட்கப்பட்ட செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். அங்கே பெற்றோரோடு கல் அடுக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் தினம் எது என்றே தெரியாது.

அந்தப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது நாம் செய்யும் தானமா, அல்லது அதற்குச் சேர வேண்டிய உரிமையா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. தானம் கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும். வாங்குகிறவர் தலை குனிந்து நிற்க வேண்டும். உரிமையைப் பெறுகிறவர் யார் முன்னும் குனிய வேண்டியதில்லை.

தலை குனிந்து நிற்பது எப்படிப்பட்டது என்பதை நம் முன்னோர் அறிவார்கள். திருவிதாங்கூரில் அவர்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்றிருந்தது. அரசன் அனுமதிக்கும்வரை காத்திருங்கள் என்று அய்யா சொல்லவில்லை. தலைப்பாகை கட்டிப் பணிவிடைக்கு வாருங்கள் என்றார். சாமித்தோப்பில் முத்திரிக்கிணற்றை எல்லாச் சாதியாருக்கும் ஒரே கிணறாக வைத்தார். நிழல் தாங்கல்கள் வழிபாட்டு இடமாக மட்டும் இல்லாமல், எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இடமாகவும் இருந்தன. நீரும் எழுத்தும் யாரும் இரந்து பெற வேண்டியவை அல்ல என்பதே இதன் பொருள்.

"பிள்ளை படிக்கப் போனால் கடன் எப்படித் தீரும்? வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பசி உண்மைதான், அதை அலட்சியமாகப் பேசக் கூடாது. ஆனால் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனே செல்லாது. அரசுப் பள்ளியில் மதிய உணவு உண்டு. தொடக்கப் பள்ளியில் காலை உணவும் உண்டு.

2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தருகிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. இது தெரியாமல் பள்ளி வாசலிலிருந்து திரும்பும் தாய்க்கு, தெரிந்த ஒருவர் துணைக்குப் போனால் போதும். சட்டம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. கூடப் போய் நிற்கும் மனம் இருந்தால் போதும். அவர்கள் தெலுங்கோ ஒடியாவோ பேசினால், அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போகலாம். பிள்ளையை வேலை வாங்குவதைக் கண்டால் 1098-க்கு ஒரு அழைப்புச் செய்யலாம். கொத்தடிமை நிலை என்று தெரிந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லலாம்.

நம் வீட்டிலிருந்தும் தொடங்கலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகள் பள்ளிக்குப் போகிறாளா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? அவளையும் நம் பிள்ளையோடு ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறோமா?

பள்ளியறையில் கண்ணாடி முன் தலைப்பாகை கட்டி நிற்கிறோம். அந்தச் சூளைப் பிள்ளை நம் அருகில் வந்து நின்றால் அதன் முகமும் அதே கண்ணாடியில்தான் தெரியும். அய்யா வைத்த கண்ணாடி ஆள் பார்த்துக் காட்டுவதில்லை. நாமும் ஆள் பார்க்காமல், அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியதைச் சேர்க்கத் துணை நிற்போம்.

அய்யா உண்டு.