காத்தல் ஒரு தொழிலா?

ஒரு பொருள் மாறாது நிலைத்திருப்பது வெறும் செயலின்மையா, அன்றி இடையறாது நிகழும் செயலா என்பது பௌத்தமும் சைவ சித்தாந்தமும் நெடுங்காலம் வாதிட்ட வினாவாகும். முதியங்கணை விகாரையும் தேயிலைத் தோட்டங்களின் மாரியம்மன் கோயில்களும் அருகருகே நிற்கும் பதுளையில் அவ்வினா இன்றும் உயிருள்ளது. அதனைத் தெளிவாகக் காட்டவல்ல பொருள்களுள் ஒன்று, வானொலிக் கருவிகளுக்கென வடிவமைக்கப்படும் மிகுமின்னோட்ட நேரியல் மின்வழங்கியாகும்.

நூறு வாற்று வலுவுடைய சிற்றலை வானொலிக் கருவி, கேட்கும் வேளையில் ஓரிரு அம்பியரையே நாடினும், பேசும் வேளையில் 13.8 வோல்ற்றில் ஏறத்தாழ 20 அம்பியரைத் திடீரென இழுக்கும். அதனை ஈடுசெய்யும் மின்வழங்கியினுள், 230 வோல்ற்று ஆடலோட்டத்தை நிலைமாற்றி குறைக்க, சீராக்கி அதனை ஒரே திசைக்குத் திருப்ப, மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவி அலைகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களை நிரப்புகிறது. அப்பள்ளங்கள் நொடிக்கு 100 முறை வருவதால், அலைவு 2 வோல்ற்றுக்குள் அடங்க 100,000 மைக்ரோபரட்டு அளவிலான கொள்ளளவு வேண்டும். அப்போதும் அழுத்தம் முற்றிலும் சீராவதில்லை. எஞ்சிய ஏற்ற இறக்கத்தை 2என்3055 போன்ற திரான்சிற்றர்கள் பல சமாந்தரமாக நின்று ஏற்கின்றன. ஒன்றே முழுச் சுமையையும் தாங்கிக் கருகாதவாறு ஒவ்வொன்றின் காலிலும் 0.1 ஓம் அளவான சிறு தடை சேர்க்கப்படுகிறது. உள்வருவது 20 வோல்ற்று, வெளியேறுவது 13.8 வோல்ற்று எனின், இடைப்பட்ட 6.2 வோல்ற்று 20 அம்பியரோடு பெருகி 124 வாற்று வெப்பமாக அலுமினியத் தகடுகளின் வழியே வெளியேறுகிறது. அளவுமானியின் முள் அசையாதிருக்கும் வேளையே மின்வழங்கி மிகக் கடுமையாக உழைக்கும் வேளையாகவும் இருக்கக்கூடும்.

பொருள்கள் கணந்தோறும் தோன்றி அழிகின்றன, தொடர்ச்சியே நிலைபேறாகத் தோன்றுகிறது என்பது பௌத்தரின் கணபங்கவாதம். தேரவாத அபிதம்ம உரைமரபும் இக்கருத்தை ஏற்கிறது. மின்வழங்கியின் முனையில் நிற்பது ஒரே மின்னன்று, வந்து சென்றுகொண்டே இருக்கும் ஓட்டம் என்பதால் பௌத்தரின் கூற்று இங்கே வலுப்பெறுகிறது. எனினும், 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் பௌத்தரை விரிவாக மறுக்கிறது. முன்னும் பின்னும் அறிந்து ஒப்பிடும் ஒன்று இல்லாவிடில் மாற்றத்தை மாற்றமென அறிவது எவ்வாறு என்பது சைவர் தொடுக்கும் கேள்வி. மின்வழங்கியின் கட்டுப்பாட்டுச் சுற்றிலும், வெளியீடு எந்த அளவையோடு ஒப்பிடப்படுகிறதோ அந்த மேற்கோள் அழுத்தம் நிலைத்து நின்றால்தான் பிழை திருத்தப்படும். ஆனால் அம்மேற்கோளும் வெப்பத்தால் சிறிது நகர்வதால், சடப்பொருளில் முழு நிலைபேற்றைத் தேடுவது வீண். சித்தாந்தமும் அதனைச் சடத்தில் தேடவில்லை. இச்சுற்று இவ்வழக்கைத் தீர்த்துவைக்காது. ஆயினும் படைத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஆகியவற்றோடு காத்தலையும் ஐந்தொழில்களுள் ஒன்றாகச் சைவம் எண்ணியது எத்துணை ஆழமான பார்வை என்பதை அது உணர்த்துகிறது.

நேரியல் மின்வழங்கி வெளியேற்றும் வெப்பத்தை விரயம் என்று தள்ளுவோர் உண்டு. ஆளி முறை மின்வழங்கிகள் அதனைப் பெரிதும் மிச்சப்படுத்துகின்றன. எனினும் நன்கு வடிகட்டப்படாதவை எழுப்பும் இரைச்சல், மெலிந்த குரல்களை மூழ்கடிக்கக்கூடும். 2004 சுனாமியில் தொடர்பற்றுப்போன அம்பாந்தோட்டையிலிருந்து அமெச்சூர் வானொலியாளர்கள் செய்தி அனுப்பியதையும், 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டதையும் அறிந்த ஊவா மலைகளில், மெலிந்த குரல் ஒன்று கேட்கப்படுவதற்கு 124 வாற்று பெரிய விலையன்று. மின்சாரமே அறுந்தால் இம்மின்வழங்கியும் ஓய்ந்துவிடும் என்பதால், 13.8 வோல்ற்றிலேயே நிறைநிலையில் பேணத்தக்க ஈயவமில மின்கலம் ஒன்றையும் அதனோடு இணைத்து வைப்பது அவசியமாகிறது.