கைம்மாறிய கனி



ஏமாங்கத நாட்டைப் புரந்த சீவக மன்னன் துறவுள்ளம் கொண்ட வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். சோலையிலே கடுவன் ஒன்று தன் மந்திக்கு அன்போடு பலாக்கனி அளித்தது. காவலன் அவற்றை ஓட்டி அக்கனியைக் கவர்ந்தான். கட்டியங்காரனிடமிருந்து தன் கைக்கு வந்த அரசும் இத்தகையதே எனத் தெளிந்தான் மன்னன். ஒரு கனி அவனுக்குப் போதுமாயிற்று. நம் கண்ணெதிரே எத்தனையோ கைம்மாறிவிட்டன. நாமோ அடுத்த கனியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றுப் பின்னர் ஜியோசிட்டீஸ் எனப் பெயர் பெற்ற இணையச் சேவையை நினைமின். எவரும் கட்டணமின்றித் தமக்கெனப் பக்கம் அமைக்க அஃது இடமளித்தது. நிறுவியோர் அதனை ஒரு மாநகராகவே வகுத்தனர். திரைப்படத்திற்கொரு பேட்டை, கணினிக்கொரு பேட்டை, பக்கத்திற்குப் பக்கம் கதவிலக்கம்! குடியேறியோர் அதனை வீடாகவே எண்ணிக் கோலமிட்டு அழகு செய்தனர். 1999இல் யாஹூ நிறுவனம் 350 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள பங்குகளை ஈந்து அதனைப் பெற்றது. 2009 அக்டோபரில் அந்நகரின் கதவுகள் அடைக்கப்பட்டன. ஜப்பானியப் பிரிவு மட்டும் 2019 வரை நீடித்தது.

2003இல் எழுந்த மைஸ்பேஸின் கதை இதனினும் விரைவானது. 2005இல் 58 கோடி டாலருக்கு விற்கப்பட்ட அச்சேவை, 2011இல் ஏறத்தாழ மூன்றரைக் கோடிக்குக் கைம்மாறியது. அதிலே ஒவ்வொருவரும் தம் நண்பர்களுள் எண்மரை வரிசைப்படுத்தி முன்னிறுத்தும் வழக்கம் இருந்தது. வரிசையில் ஓரிடம் கீழிறங்கியமைக்காக நட்பு முறித்தோரும் உண்டு. மானம் என்னும் கஷாயத்திற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? நம் நாட்டிலும் பிரேசிலிலும் பெரிதும் விரும்பப்பெற்ற ஆர்க்குட், 2004இல் தோன்றி 2014 செப்டம்பர் 30இல் மறைந்தது.

இவற்றைப் பகைவர் எவரும் படையெடுத்து அழிக்கவில்லை. பிறர் இருந்தமையால் ஒவ்வொருவரும் வந்தனர். பிறர் நீங்கியமையால் ஒவ்வொருவரும் நீங்கினர். புதிய சேவைகள் நிமித்தமே. உபாதானம் அக்கூட்டத்தின் நிலையற்ற விருப்பம். எந்தக் கூட்டத்தைச் சரணெனக் கொண்டனரோ, அக்கூட்டமும் வேறொரு சரணைத் தேடி அலைந்தது. பன்னிரு சிந்தனைகளுள் அநித்தியத்தை அடுத்து அசரணத்தை வைத்த முறைமை இங்கே விளங்கும்.

அங்ஙனமாயின் எதனையும் காவாது விடுவதோ எனச் சிலர் வினவுவர். நம் முன்னோர் செல்லரித்த ஏடுகளைப் பெயர்த்தெழுதிச் சாத்திர தானம் செய்தனர், அது பற்றன்று. ஜியோசிட்டீஸ் மூடப்படுமுன் தன்னார்வலர் பலர் கூடி, முன்பின் அறியாதார் எழுதிய பக்கங்களைப் படியெடுத்து வைத்தனர். அவர்தம் செயலிலும் 'எனது' என்பது இல்லை. மைஸ்பேஸில் பன்னிரண்டாண்டுகளாகப் பலரும் சேர்த்த பாடல்களுக்கு அவ்வாறு வாய்க்கவில்லை. சேமிப்பகத்தை இடம் மாற்றுகையில் அவை அழிந்தமை 2019இல் தெரியவந்தது.

எம் உறவினர் ஒருவர், மறைந்த தம் துணைவியாரின் குரலை ஓர் இணையச் சேவையில் மட்டுமே வைத்திருந்தார். அச்சேவை மூடப்பட்டது. அறிவிப்பு வந்தும் அவர் கவனித்திலர். தசலட்சண நாளொன்றில் எம்மிடம் வந்து, "இத்துயரும் பற்றுத்தானோ?" என்று வினவினார். பற்றே என விடையிறுத்தேன். பர்யாயம் அழியும், திரவியம் அழியாது என்று நூல்நெறியும் எடுத்துரைத்தேன். சொன்னவை யாவும் மெய்யே. எனினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

சில திங்கள் கழித்து அவர் இல்லம் சென்றிருந்தேன். அம்மையார் நாள்தோறும் ஓதிய தோத்திரங்களை அவர் நினைவிலிருந்து சொல்ல, பேர்த்தி ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஓரடி அவருக்கு நினைவில் எழவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டியாரை அழைத்து வரச் சிறுமி ஓடினாள்.