பார்த்துப் பண்ணுங்க

கண்டமங்கலத்தில் ஒரு தோட்டம் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் நண்பர்கள் என்னை மிராசுதார் ரேஞ்சுக்கு உயர்த்திவிடுகிறார்கள். மொத்தம் எழுபது சென்ட். ஒரு கிணறு, பதினொரு தென்னை, ஒரு கொட்டகை, என் மகளின் கைங்கரியத்தில் நாலு வரிசை கத்திரிச்செடி. அந்தச் செடிகளை நாங்கள் வளர்ப்பதும் ஆடு மேய்வதும் மாறி மாறி நடக்கும். ஒரு பசு, இரண்டு ஆடு, எண்ணிக்கை தினமும் மாறுகிற கோழிகள். சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து கிளம்பினால் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் நான் விவசாயி.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற ரோடு விசித்திரமானது. வளவனூர் தமிழ்நாடு. மதகடிப்பட்டு புதுச்சேரி. கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு. அரியூர் மறுபடி புதுச்சேரி. எந்த அரசாங்கத்தில் இருக்கிறோம் என்பதை மதுக்கடை போர்டுகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். செம்மண் பூமி. வேர்க்கடலையை இங்கே மல்லாட்டை என்பார்கள். அவித்த மல்லாட்டையை மடியில் கட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தால், வாழ்க்கையில் தப்பு எதுவும் செய்யாதவன் போல ஒரு நிம்மதி வரும்.

அந்த நிம்மதிதான் போன வருஷம் அடிவாங்கியது.

2024 அக்டோபர் கடைசியில் எங்கள் செவலைப் பசு கன்று போட்டது. காளைக்கன்று. என் மகள் அதற்கு லட்டு என்று பேர் வைத்தாள். சரியாக ஒரு மாசம். நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நான் சென்னையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அக்காவும் அவர் வீட்டுக்காரரும் முழங்கால் தண்ணீரில் நின்று பசுவை அவிழ்த்து மேட்டில் கட்டிவிட்டு, கன்றைத் தூக்கிப் போய்த் தங்கள் வீட்டு அடுப்பங்கரையில் படுக்கவைத்தார்கள். கொட்டகையின் கூரை காலையில் பக்கத்து சவுக்குத் தோப்பில் கிடந்தது. லட்டு மட்டும் சௌகரியமாக, அக்காவின் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு போட்டோவில் வந்தான். அந்தப் போட்டோவை எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று கணக்கில்லை.

ஆறு மாசம் ஆனது. லட்டு நன்றாக வளர்ந்து கயிற்றை இழுக்க ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்டார்: "தம்பி, காளக்கன்ன இன்னா பண்றது?" (மற்றவர்கள் எதிரில் நான் சார். விஷயம் முக்கியம் என்றால் தம்பி.)

காரில் ஏறிக்கொண்டே சொன்னேன்: "நீங்களே பார்த்துப் பண்ணுங்கக்கா."

இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். தமிழில் இதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்பது இதில் இல்லை. யாரை என்பதும் இல்லை. 'நான்' என்பது நிச்சயமாக இல்லை. வயசான அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு தம்பியிடம் சொல்வோம். ஆளைக் குறைக்கச் சொல்லி மேனேஜரிடம் முதலாளி சொல்வார். காரியம் நடந்துவிடும், கை மட்டும் நனையாது.

நான் பத்து வருஷத்துக்கு முன்பு கறி சாப்பிடுவதை விட்டவன். யாரும் கேட்காமலே இதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற வகையும்கூட. தின்பதற்காகக் கொல்பவர் இல்லாவிட்டால் விலைக்கு விற்பவரும் இருக்க மாட்டார் என்று வள்ளுவர் புலால் மறுத்தலில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாரே, அந்தக் கணக்குக்கு நான் வெளியே என்று நினைத்திருந்தேன். பால்தானே குடிக்கிறோம், அதில் யார் சாகிறார்கள்?

பி.காம். படித்தபோது காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஜாயின்ட் ப்ராடக்ட்' என்று ஒரு பாடம். முண்டியம்பாக்கத்தில் கரும்பை அரைத்தால் சர்க்கரையும் வரும், மொலாசஸும் வரும். எனக்குச் சர்க்கரை மட்டும் போதும் என்று ஆலையிடம் சொல்ல முடியாது. பாலும் அப்படித்தான். பசு கன்று போட்டால்தான் பால். சினையாகிச் சுமார் 280 நாள் கழித்து வருகிற கன்று, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, காளையாக இருக்கும். ஏர் இருந்த காலத்தில் அவன் வீட்டுக்குச் சொத்து. இப்போது உழுவது டிராக்டர், சுமப்பது டாட்டா ஏஸ், சினைக்கு ஊசி. போதாக்குறைக்கு நம் கலப்பினக் காளைக்குத் திமில் கிடையாது. நுகத்தடி நிற்காது. பரீட்சையில் இந்தப் பாடத்துக்கு நல்ல மார்க் வாங்கினேன். காபி குடிக்கும்போது ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்லை.

2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தேன். எருமையைச் சேர்க்காமல் இந்தியாவில் மாட்டினம் 19.25 கோடி. அதில் பெண் 14.51 கோடி. கழித்தால் ஆண் 4.74 கோடி. பிறக்கும்போது சரிபாதி. நிற்கும்போது மூன்றில் ஒன்றுகூட இல்லை. பசு பல வருஷம் உயிரோடு இருக்கிறது, காளை இருப்பதில்லை, அதனால்தான் வித்தியாசம் என்று ஒருவர் எனக்கு விளக்கம் கொடுத்தார். ஐயா, அதைத்தானே நானும் சொல்கிறேன்?

கோழி முட்டையிலும் இதே கதைதான். முட்டைக் கோழி ரகத்தில் பொரிகிற சேவல் குஞ்சால் பண்ணைக்கு உபயோகம் கிடையாது. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு வாரம் ஆகும்.

ஒரு மாற்று உண்டு. பெண் கன்று மட்டும் பிறக்கிற மாதிரி பாலினம் பிரித்த விந்து ஊசி வந்திருக்கிறது. பத்தில் ஒன்பது பெண் கன்றாக இருக்கும் என்கிறார்கள். நல்ல விஷயம். அடுத்த ஈற்றுக்கு அதைத்தான் போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால், லட்டு ஏற்கெனவே பிறந்தாகிவிட்டதே!

அடுத்த வாரம் போனபோது லட்டு அதே இடத்தில் கட்டியிருந்தான். அக்கா பார்த்துப் பண்ணவில்லை. கேட்டேன்.

"ஏவாரி வந்தான். நாலாயிரம்னான். நான் குடுக்கல தம்பி. பேர் வெச்சது நீங்க. போட்டோ புடிச்சது நீங்க. கயித்த மட்டும் நாங்க புடிச்சிக் குடுக்கணுமா? எங்க ஊட்டு அடுப்பங்கரையில படுத்த புள்ள அது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் மல்லாட்டை தொண்டையில் நின்றது.

1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி, பிழைக்க வழியில்லாமல் வேதனையில் துடித்துக்கொண்டிருந்தது. காந்தி டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவைத்தார். நாடே கொந்தளித்தது. வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் வாதாடலாம், நான் அதற்குள் போகவில்லை. என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. ஆசிரமத்தில் ஆளா இல்லை? யாரிடமாவது 'பார்த்துப் பண்ணுங்க' என்று சொல்லியிருக்கலாம். கன்று 'போயிடுச்சு' என்று முடிந்திருக்கும். அவரோ நான்தான் செய்யவைத்தேன், காரணம் இது என்று 'நவஜீவன்' பத்திரிகையில் தன் பேர் போட்டு எழுதினார்.

என் கன்றுக்கு நோயே இல்லை. அதனால் அந்தக் காரணமும் எனக்கு இல்லை.

வைத்துக் காப்பாற்றலாமே என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நானும் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். இவனை வைத்துக்கொள்ளலாம். பதினைந்து வருஷம் இருப்பான். அடுத்த ஈற்றிலும் காளை வந்தால் இருவர். எழுபது சென்ட்டில் தீவனம் விளையாது. மூட்டை மூட்டையாக வாங்க வேண்டும். முரட்டுக் காளையை அறுபது வயசுத் தம்பதி பிடித்துக் கட்ட வேண்டும். அதாவது என் கருணைக்கும் அவர்கள்தான் உடம்பு கொடுக்க வேண்டும். கோசாலையில் விடலாம் என்றார் ஒரு நண்பர். விசாரித்தேன். இடமில்லை என்றார்கள். இன்னொரு வழி, பசுவையே விற்றுவிட்டுப் பாலை நிறுத்துவது. அதுதான் நேர்மையான வழி என்று இப்போதும் தோன்றுகிறது. செய்யவில்லை. டிகிரி காபி அவ்வளவு பலமான விஷயம்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். மதகடிப்பட்டுச் சந்தை அன்றைக்குத்தான். ஒரு குட்டி யானையில் லட்டுவை ஏற்றி, நானும் பின்னாலேயே நின்றுகொண்டு போனேன்.

சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுகிறார்கள். எத்தனை விரல், எந்த விரல் என்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. என் கையும் துண்டுக்குள் போனது. சொரசொரப்பான ஒரு கை என் விரல்களை எண்ணியது. அடிமாடு என்கிற சொல்லை அங்கே யாரும் உரக்கச் சொல்லவில்லை. பத்து வயசு தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லாத மாட்டைத்தான் சான்றிதழோடு வெட்டலாம் என்று 1958-லிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. எல்லையைத் தாண்டியதும் சட்டமும் தாண்டிவிடுகிறது.

வாங்கியவரிடம் கேட்டேன். "எதுக்கு வாங்குறீங்க?"

"வண்டிக்குப் பழக்கப்போறேன் சார்."

இருவருமே லட்டுவின் முதுகைப் பார்த்தோம். திமில் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. அவர் எனக்காகப் பொய் சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கத் துணிச்சல் வரவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மூவாயிரத்து எண்ணூறு. வியாபாரி சொன்னதைவிட இருநூறு குறைவு. பேரம் பேசத் தெரியாது.

பசு இரண்டு ராத்திரி கத்தியதாம். எங்கள் சின்ன வயசில் பால்காரர் கன்றுத்தோலுக்குள் வைக்கோல் அடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். நாங்கள் குழந்தைகள் அதை பொம்மை என்று நினைத்துத் தடவிக்கொடுப்போம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், "லட்டு எங்கப்பா?" போயிடுச்சு என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. "நான் வித்துட்டேன்" என்றேன். அவள் நாலு நாள் என்னிடம் பேசவில்லை. அதன் பிறகும் தோட்டத்துக்கு வர மறுக்கிறாள். பாலை நிறுத்தியதாகத் தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அக்காவிடம் பணத்தைக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். தோட்ட நோட்டை எடுத்து வரவில் 'இதர வருமானம்' என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, மேலே, 'பால்' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். செவலை இப்போது மறுபடி சினை.